சைக்கிள் சீட் பைப்பை வெட்டலாமா?



வழக்கமாக இந்தப் பக்கத்தில் போசாக்கு, ஊழியர் சேமலாப நிதி, லயத்துக் கான் துப்புரவு என்று எழுதிக்கொண்டிருந்த நான் இந்த முறை சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். “நம்ம மலையில யாருங்க சைக்கிள் ஓட்டுறா?” என்று சிலர் சிரிக்கலாம். உண்மைதான். பிரட்டுக்களத்தில் இருந்து மேல் டிவிசனுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும், ஓட்டிக்கொண்டு போகமுடியாது. ஆனால் நம் பிள்ளைகள் இப்போது மலையிலேயே இருப்பதில்லையே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகிறார்கள். கடைகளில் வேலைக்குப் போகிறார்கள். மேசன் வேலைக்குப் போகிறார்கள். அங்கே போய் இறங்கினதும் முதல் செலவு ஒரு பழைய சைக்கிள்தான். தரை தட்டையாக இருக்கும் ஊர். பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்த அதைவிட நல்ல வழி கிடையாது.

கடந்த சில மாதத்துக்குள் இரண்டு பிள்ளைகள் எனக்குப் போன் எடுத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒரு மகள் கேட்டாள்: “சார், வாங்கின சைக்கிள்ல சீட் உயரமா இருக்கு. இறக்கினா ஒரு அளவுக்கு மேல இறங்குதில்ல. பைப்பை அறுத்துடலாமா?” ஒரு பையன் கேட்டான்: “பைப்ப அறுத்தா சைக்கிள் பாரம் குறையுமாமே, கூட்டாளி சொன்னான்.” இரண்டு பேருக்கும் போனில் சொன்ன பதிலையே, மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் அடிபட்டதால், கேட்டுப் படித்துக்கொண்டேன்.

எங்கள் பெரியம்மா குடும்பம் 1983 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியது. அப்படிப் போன நம் சனம் கொஞ்சநஞ்சம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். 1977லும் போனார்கள், 1983லும் போனார்கள். பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை, பிறகு சாவகச்சேரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். அவர்கள் வீட்டில் ஒரே ஒரு சைக்கிள். பழைய 28 இஞ்சிச் சக்கரம் போட்ட பெரிய சைக்கிள். அத்தான் சந்தைக்குப் போவதும் அதிலேதான், மகன் ரியூஷனுக்குப் போவதும் அதிலேதான், கடைசி மகள் பாடசாலைக்குப் போவதும் அதிலேதான். மகளுக்குக் கால் எட்டவில்லை. சீட்டை இறக்கிப் பார்த்தார்கள். பாதி இறங்கி நின்றுவிட்டது. உள்ளே பைப் எங்கேயோ முட்டிக்கொண்டது.

மகன் கெட்டிக்காரன். பைப்பை வெளியே இழுத்தெடுத்து, அடிப்பக்கத்தில் மூன்று இஞ்சி அறுத்தெறிந்துவிட்டுத் திரும்பப் போட்டான். சீட் நன்றாக இறங்கியது. தங்கச்சி சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனாள். எல்லாரும் அவனைப் புகழ்ந்தார்கள். பிழை செய்தான் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலை அத்தான் கொடிகாமம் சந்தைக்குப் புறப்பட்டார். அத்தான் ஆறடி மனுஷன். மகள் ஓட்டும் உயரத்தில் அவர் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். ஆகவே சீட்டை உயர்த்தினார். பைப்பில் ஒரு கோடு இருக்கும், அந்தக் கோட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். கோடு வெளியே தெரியாத அளவுக்குச் சரியாகத்தான் வைத்து இறுக்கினார். திரும்பி வரும்போது கரியரில் தேங்காய்ச் சாக்கு. ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் சக்கரம் தண்டவாளத்தில் ஏறி இறங்கியது. “டக்” என்று ஒரு சத்தம்தான் கேட்டதாம். சீட் பின்பக்கமாகச் சாய்ந்தது, அத்தான் மல்லாக்க விழுந்தார். கை எலும்பு முறிந்தது. பின்னால் லொறி ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு விதமாக எழுதியிருப்பேன். அல்லது எழுதவே மனம் வந்திருக்காது.

நான் பார்க்கப் போனபோது உடைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த ஊர்ச் சைக்கிள் திருத்தும் ஐயா ஒருவரிடம் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். மதிலோரம் தகரக் கொட்டில், ஒரு பழைய இரும்புப் பெட்டி, தண்ணீர் நிறைத்த பாதி ட்ரம். பைப்பைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு கோட்டைப் பார்த்தார்.

“தம்பி, உதை ஆர் வெட்டினது? வெட்டுறது பிழையில்லை. வெட்டினாப் பிறகு இந்தக் கோடு பொய் சொல்லும். அதைத்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லைப் போல.”

அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் சொல்கிறேன்.

சீட்டைத் தாங்கி நிற்கிற குழாய்தான் சீட் பைப். அது சைக்கிள் பிரேமின் நிமிர்ந்த குழாய்க்குள் இறங்கி நிற்கிறது. வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்கிறோம். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பாரத்தைத் தாங்குவது அந்தத் தெரியாத பகுதிதான். கவ்வாத்துக் கத்தியை நினைத்துப் பாருங்கள். கத்தியின் வால் பிடிக்குள் நீளமாக இறங்கியிருந்தால் எத்தனை வாதை வெட்டினாலும் அசையாது. வால் அரை இஞ்சிதான் உள்ளே இருக்கிறது என்றால் நாலு வெட்டிலே பிடி பிளக்கும். வேலிக்கு நடுகிற கம்பமும் அப்படித்தான். ஆறடிக் கம்பத்தை அரையடிக் குழியில் நட்டுவிட்டு மாட்டைக் கட்டினால் என்ன நடக்கும்?

சைக்கிளிலும் அதே கணக்கு. நாம் சீட்டில் உட்கார்ந்தால் பாரம் நேராகக் கீழே மட்டும் போவதில்லை. பைப் பின்பக்கமாகச் சரிந்து இருப்பதால் நம் பாரம் அதைப் பின்னாலே வளைக்கப் பார்க்கிறது. உள்ளே இருக்கிற துண்டு அலவாங்கு மாதிரி வேலை செய்கிறது. அதன் மேல்முனை பிரேமின் வாயைப் பின்பக்கம் நெம்புகிறது, அடிமுனை முன்பக்கம் நெம்புகிறது. உள்ளே இருக்கும் நீளம் பாதியாகக் குறைந்தால் அந்த நெம்பும் விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது இன்னும் கூடும். கடைசியில் பைப் வளையும், அல்லது பிரேமின் வாய் வெடிக்கும். அத்தானின் சைக்கிளில் வாய்தான் வெடித்திருந்தது. பைப்பைவிட அது மோசம். பைப்புக்கு வேறு பைப் வாங்கலாம், பிரேமுக்கு என்ன செய்வது?

இந்த ஆபத்தைத் தடுக்கத்தான் பைப்பில் ஒரு கோடு அல்லது வரிவரியான அடையாளம் போடுகிறார்கள். “இதற்கு மேல் இழுக்காதே” என்பதுதான் அதன் அர்த்தம். பழைய காலத்துப் பைப்புகளில் கோடே இருக்காது, புதியவற்றில் இருக்கும். அந்தக் கோடு பைப்பின் அடிமுனையில் இருந்து அளந்து போடப்பட்டது. இதைக் கவனியுங்கள். அடியில் மூன்று இஞ்சியை அறுத்துவிட்டால் கோடு அதே இடத்தில்தான் இருக்கும், ஆனால் அடிமுனை மூன்று இஞ்சி மேலே வந்துவிடும். கோடு மறையும்படி வைத்து இறுக்கினாலும் உள்ளே இருப்பது ஒரு இஞ்சிக்கும் குறைவாக இருக்கலாம். அத்தான் கோட்டை நம்பினார். பழைய பைப்புக்குப் போட்ட கோடு அது.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல ஆசை. சீட்டை ஏற்றி இறக்குவது என்பது சின்ன விஷயம் போலத் தெரிகிறது. ஆனால் ஒரு காலத்தில் அது முடியாத காரியம். முன்சக்கரம் ஆள் உயரத்துக்கும் பின்சக்கரம் சின்னதாகவும் இருக்கும் பழைய சைக்கிளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் பெடல் முன்சக்கரத்தோடேயே இருந்தது. ஆகவே ஓட்டுகிறவரின் கால் நீளத்துக்கு ஏற்ற சக்கரமாகப் பார்த்துத்தான் வாங்கவேண்டும், சப்பாத்து வாங்குகிற மாதிரி. அப்பாவின் சைக்கிளை மகன் ஓட்டமுடியாது. 1885இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ரோவர் என்ற சைக்கிளைச் செய்தார். ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். இன்று நாம் ஓட்டுகிற சைக்கிள் அதன் வழிவந்ததுதான். பெடல் சக்கரத்தை விட்டுப் பிரிந்ததால், சீட்டை ஏற்றி இறக்கினாலே ஒரு சைக்கிள் பல பேருக்குப் பொருந்தியது.

அதன் அருமையை யாழ்ப்பாணத்துச் சனத்தைப் போல அறிந்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். 1990இல் யுத்தம் திரும்பவும் தொடங்கியபோது அங்கே பெற்றோல் போவது தடைப்பட்டது. பட்டரி தடைப்பட்டது. யாழ்தேவி நின்றது, திரும்ப யாழ்ப்பாணம் வரை ஓட 2014 ஆகியது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், ஸ்டார்ட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல். மற்றபடி எல்லாம் சைக்கிள். விறகு, மரக்கறி, நோயாளி, கல்யாணப் பொம்பிளை எல்லாம் சைக்கிளில். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தால் மழையில் தள்ளிக்கொண்டு போனதும் சைக்கிளைத்தான். ஓட்டமுடியாத நெரிசலில், வீட்டுச் சாமான் முழுவதையும் அதில் கட்டித் தள்ளினார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு சைக்கிள் என்றால் ஒரு நாளைக்கு நாலு தரம் சீட் ஏறி இறங்கும் என்று ஐயா சொன்னார். றலி, ஹம்பர், லுமாலா என்று எந்தச் சைக்கிளின் பைப் கிடைத்தாலும் மற்றதற்குப் போடுவார்களாம். பைப் மெலிசாக இருந்தால் பால்மாப் பேணித் தகரத்தை வெட்டி, சுற்றிப் போட்டு இறுக்குவார்கள். நீளமாக இருந்தால் அறுப்பார்கள். “அப்ப வெட்டாத பைப் எங்க கண்டனீர்? ஆனா வெட்டினவன் திரும்பக் கோடு போட்டுத்தான் குடுப்பன்” என்றார். அப்படி அறுத்த பைப்புகள் பல இன்றைக்கும் ஓடுகின்றன. நம் பிள்ளைகள் வாங்குவது அந்த மாதிரிச் சைக்கிள்களைத்தான். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது நாடு முழுவதும் சைக்கிளுக்கு ஆள் விழுந்தது, விலை தாறுமாறாக ஏறியது. மூலையில் துருப்பிடித்துக் கிடந்ததெல்லாம் பெயின்ற் அடிக்கப்பட்டு வெளியே வந்தது. பெயின்ற் புதிதாக இருப்பதை வைத்து உள்ளே இருக்கிற பைப்பை மதிக்கவேண்டாம்.

சரி, அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். அறுத்தால் பாரம் குறையுமா? குறையும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. மருமகன் அறுத்தெறிந்த துண்டைத் தேடி எடுத்துக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். மூன்று இஞ்சித் துண்டு, ஒரு இஞ்சி விட்டம். 70 கிராம். ஒரு சின்னத் தேயிலைப் பைக்கற்றைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கரியர், மட்காட், ஸ்டாண்ட், செயின் கவர் எல்லாம் போட்ட பெரிய சைக்கிள் ஒன்று சுமார் 20 கிலோ வரும். பல தோட்டங்களில் ஒரு பேருக்குக் கேட்கிற கொழுந்து அவ்வளவுதானே, அந்தப் பாரம் உங்கள் தோளுக்குத் தெரியும். 20 கிலோ கொழுந்தில் இருந்து ஒரு கைப்பிடியை எடுத்துவிட்டால் கூடை பாரம் குறைந்ததாக யாராவது சொல்வார்களா? ஓட்டுகிறவரின் 55 கிலோவையும் சேர்த்தால் 75 கிலோ. அதில் 70 கிராம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பந்தயச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கிராம் கணக்குப் பார்ப்பது உண்மை. அவர்கள் சைக்கிள் முழுவதுமே ஏறக்குறைய ஏழு கிலோதான். 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளைப் பந்தயத்துக்கு எடுக்கக்கூடாது என்று உலக சைக்கிள் சம்மேளனம் 2000ஆம் ஆண்டில் இருந்து விதி வைத்திருக்கிறது. மலை ஏறுகிறபோது பாரம் குறைந்தால் ஆள் குறைந்த சக்தியில் ஏறுவார், அதனால்தான் அந்தக் கணக்கு. யாழ்ப்பாணத்தில் மலை ஏது? அங்கே மலைக்குப் பதில் காற்றுத்தான். சோழகம் வீசுகிற மாதங்களில் எதிர்க்காற்றில் ஓட்டிப் பாருங்கள், நம் தோட்டத்து ஏற்றம் தேவலை என்று தோன்றும். காற்றுக்கு முன்னால் சைக்கிளின் பாரம் ஒரு கணக்கே இல்லை.

ஓட்டம் இலேசாக வேண்டும் என்றால் செய்யவேண்டியது வேறு. டயருக்குச் சரியான அளவு காற்றுப் போடுங்கள் (அங்கே ரயர் என்பார்கள், டயர் என்று கேட்டாலும் கொடுப்பார்கள்). காற்றுக் குறைந்த டயர் சேற்றில் நடக்கிற மாதிரி இழுக்கும். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிரேக் கட்டை சக்கரத்தில் உரசுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் அரை மணித்தியாலம் போதும். அந்தப் பையன் மூன்றையும் செய்துவிட்டு “சார், வேற சைக்கிள் மாதிரி இருக்கு” என்று போன் எடுத்தான். பைப்பை அறுக்கவில்லை.

மகளின் கேள்வி வேறு. அவளுக்குக் கால் எட்டவேண்டும். அது நியாயமான தேவை. உயரம் பொருந்தாத சீட்டில் ஓட்டுவது முழங்காலுக்கும் இடுப்புக்கும் கூடாது, அவசரத்துக்குக் காலை ஊன்றவும் முடியாது. முதலில் சரியான உயரம் எது என்று பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து அதில் குதிக்காலை வையுங்கள். கால் நேராக நீண்டிருக்கவேண்டும், ஆனால் இடுப்பு ஒரு பக்கம் சரியக்கூடாது. பிறகு ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்போம், அப்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும். அதுதான் பழகினவர்களுக்கு உரிய உயரம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இதைவிட இறக்கி, உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் நிலத்தில் படும்படி வைப்பது நல்லது. பயம் தெளிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். சீட் மிகவும் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். மிகவும் உயர்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஆடும்.

அந்த உயரத்துக்கு இறங்கவில்லை என்றால் ஏன் இறங்கவில்லை என்று பார்க்கவேண்டும். பல நேரம் குற்றம் பைப்பின் நீளத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தில் கடற்காற்று உப்பு. பைப்பும் பிரேமும் ஒன்றோடொன்று துருப்பிடித்துக் கல்லாகிவிடும். அப்படியானால் மண்ணெண்ணெயோ துரு இளக்கும் எண்ணெயோ விட்டு, ஓரிரவு வைத்து, அடுத்த நாள் சீட்டைப் பிடித்து இடம்வலம் திருப்பிப் பார்க்கவேண்டும். சுத்தியலால் தலையில் அடிக்கவேண்டாம். வெளியே எடுத்து, துருவை உரசித் துடைத்து, கிரீஸ் பூசிப் போட்டால் தானாக இறங்கிவிடும். கிரீஸ் பூசுவதை வருஷத்துக்கு ஒரு முறையாவது செய்யுங்கள். இது எந்த ஊருக்கும் பொருந்தும், நம் மலை மழைக்கும் பொருந்தும்.

துருவும் இல்லை, பைப் உண்மையாகவே நீளம், உள்ளே முட்டுகிறது என்றால் முதல் வழி வேறு சின்னப் பைப் வாங்குவது. பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். விட்டம் சரியாக ஒன்றாக இருக்கவேண்டும், ஆகவே பழையதைக் கையில் கொண்டு போங்கள். கழற்றிய நீளப் பைப்பை எறியாமல் வீட்டில் வைத்தால் உயரமானவருக்கு உதவும். அத்தான் வீட்டில் அன்றைக்கே இதைச் செய்திருந்தால் கை முறிந்திருக்காது. பிரேமே பெரிது, பெடலில் காலே எட்டாது, மேல்பாரைத் தாண்டி நிற்கவே முடியாது என்றால் பைப்பை எவ்வளவு அறுத்தும் பிரயோசனம் இல்லை. அந்தப் பிள்ளைக்கு 26 இஞ்சி அல்லது 24 இஞ்சிச் சைக்கிள்தான் வேண்டும்.

வேறு வழி இல்லாமல் அறுக்கத்தான் வேண்டும் என்றால் ஐயா சொன்ன முறை இது. பைப்பை இறங்கும் மட்டும் இறக்கி, இன்னும் எவ்வளவு இறங்கவேண்டும் என்று அளவுங்கள். இரண்டு இஞ்சி இறங்கவேண்டும் என்றால் அறுக்கவேண்டியது இரண்டே கால் இஞ்சி, மூன்று இல்லை. “குறைச்சு வெட்டினா திரும்ப வெட்டலாம். கூட வெட்டினா ஒட்டேலாது” என்றார். ஒட்டுவது என்றால் வெல்டிங். சீட் பைப்பில் துண்டு வைத்து வெல்டிங் பண்ணவே கூடாது, பாரம் முழுவதும் அந்த ஒட்டில்தான் வந்து நிற்கும். எப்போதும் அடிமுனையில் அறுக்கவேண்டும், மேல்முனை சீட்டின் கிளிப் பிடிக்கிற இடம், அதைத் தொடக்கூடாது. ஒரு கடதாசியைப் பைப்பைச் சுற்றி, விளிம்போடு விளிம்பு சேரும்படி ஒட்டினால் கோடு நேராக வரும். சைக்கிளில் இருந்தபடி அறுக்காமல், கழற்றி, துணி சுற்றிக் கிராதியில் பிடித்து, பல் சிறிதான இரும்பு வாளால் மெதுவாக அறுங்கள். பிறகு அரம் போட்டு வெளிவிளிம்பையும் உள்விளிம்பையும் மழுங்கடியுங்கள். அறுத்த பிசிறு பிரேமின் உட்பக்கத்தைக் கீறும், கையையும் கீறும். இரும்புத் தூளைத் துடைத்து, கிரீஸ் பூசிப் போடுங்கள்.

அதோடு வேலை முடிந்தது என்று எழும்பிவிடாதீர்கள். இனித்தான் முக்கியமான வேலை. பழைய கோட்டை அரத்தால் உரசியோ பெயின்ற் அடித்தோ மறைத்துவிடுங்கள். புதிய அடிமுனையில் இருந்து அளந்து புதிய கோடு போடுங்கள். எவ்வளவு? பைப்பின் விட்டத்தைப்போல இரண்டரை மடங்காவது உள்ளே இருக்கவேண்டும், அதாவது ஒரு இஞ்சிப் பைப்புக்கு இரண்டரை இஞ்சி. அதுவும் போதாது. அடிமுனை, மேல்பார் வந்து சேர்கிற மூட்டுக்குக் கீழே இறங்கியிருக்கவேண்டும். மூட்டுக்கு மேலேயே நின்றுவிட்டால் பாரம் முழுவதும் பிரேமின் வாயில்தான் விழும். இந்த இரண்டு அளவில் எது கூடவோ அதை வையுங்கள். கோட்டை வாளால் கீறிப் போடவேண்டாம், கீறின இடத்தில்தான் பைப் முறியும். பெயின்ற் போதும். அக்கா வீட்டில் மகளின் கியூட்டெக்ஸால் போட்டோம், சிவப்பாக எடுப்பாகத் தெரிகிறது.

ஓட்டுகிற எல்லாருக்கும் அந்தக் கோட்டைக் காட்டிச் சொல்லவேண்டும். விற்றால் வாங்குகிறவருக்கும் சொல்லவேண்டும். மருமகனிடம் நான் கோபித்துக்கொள்ளவில்லை. தங்கச்சிக்காகத்தானே செய்தான். அவன் அப்பாவின் கையைப் பார்த்து அழுதது போதும்.

பழைய சைக்கிள் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். விலை பேசுமுன் சீட்டின் போல்ட்டைத் தளர்த்தி, பைப்பை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். அடிமுனை வழவழவென்று தொழிற்சாலை வெட்டாக இருக்கிறதா, வாளால் அறுத்த தடம் இருக்கிறதா, வளைவு இருக்கிறதா, உள்ளே எத்தனை இஞ்சி இருந்தது என்று பாருங்கள். வெளியே வரவே மறுக்கிறது என்றால் துரு, விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிரேமின் வாயில், போல்ட் இருக்கிற பிளவின் அடியில், மயிர் மாதிரி வெடிப்பு இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். இருந்தால் இனாமாகத் தந்தாலும் வேண்டாம். தகரம் சுற்றிப் போட்டிருந்தால் அது பைப்போடு சேர்ந்து முழு நீளத்துக்கும் இருக்கிறதா என்று பாருங்கள், வாயில் மட்டும் செருகியிருந்தால் ஆடும்.

விடுமுறையில் ஊருக்கு வரும்போது அந்தச் சைக்கிளை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, நம் தோட்டத்துப் பாதையில் ஓட்ட நினைக்கிற இளைஞர்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் போதுமாக இருக்கிற பிரேக் நம் இறக்கத்தில் போதாது. மழையில் இன்னும் போதாது. பெக்டரி வளைவில் தள்ளிக்கொண்டு இறங்குங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

அத்தானின் கை கூடிவிட்டது, ஆனால் பாரம் தூக்கினால் இன்னும் நோகிறது என்கிறார். வெடித்த பிரேமை ஐயா பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டு, சக்கரங்களை வேறு பிரேமில் மாட்டிக் கொடுத்தார். மகளுக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று என்று இரண்டு சீட் பைப் இப்போது கதவு மூலையில் நிற்கின்றன. அறுத்த அந்த மூன்று இஞ்சித் துண்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, நலன்புரிக் காரியாலய மேசையில் கடதாசிகளுக்கு மேல் வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணம் போகும் பிள்ளைகள் புறப்படுமுன் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அளக்க நாடாவும் இருக்கிறது.